அதீனாவுக்குக் கண் திறந்த நாள்

1. கண் எங்கே?

"இதுக்குக் கண் எங்க?" என்று டெரெக் கேட்டார்.

டெரெக் என் முதலாளி. லண்டனில் அல்பேர்ட்டன் பக்கம், கால்வாயை ஒட்டிய ஒரு ஷெட்டில், கட்டடங்களுக்கு மாடல் செய்து கொடுக்கும் சின்னக் கொம்பனி ஒன்றை நடத்திவந்தார். அவர் பேசியது தெரு இங்கிலிஷ். அதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன். நடுநடுவே வந்த வசைச் சொற்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை ஒரு பழைய கிரேக்கக் கோயிலின் மாடலை ஹரோ பக்கத்து நூலகம் ஒன்றில் கொண்டுபோய் வைக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான கண்காட்சி. மேயர் வந்து ரிப்பன் வெட்டுவார். டெரெக் கோயிலின் கூரையைக் கழற்றிவிட்டு, மேசை விளக்கோடு பொருத்தியிருந்த பூதக்கண்ணாடியை இழுத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் அதீனா தேவி நின்றாள். என் சுண்டுவிரலில் பாதிக்குச் சற்றுக் கூடிய உயரம். நல்ல காவிநிற உடுப்பு, மூக்கு, வாய், கழுத்தில் ஒரு மாலை, எல்லாம் இருந்தன. கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் வெள்ளையாக இருந்தது.

"பெயின்ற் பண்ணினது உன்ர ஆள்தானே? போய்க் கேள்."

போய்க் கேட்டேன். பெயின்ற் அறையில், நான் கூட்டிவந்து சேர்த்துவிட்ட சின்னராசா அண்ணை சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, ஸ்ரூலில் சம்மணம் கட்டி இருந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அதீனாவுக்குக் கண் வைக்கேல்லையோ?"

"வைக்கேல்லை."

"மறந்துபோனியளோ?"

"மறக்கிறதோ? விசர்க்கதை கதைக்காத. சாமிக்குக் கண்ணை வேலை செய்யிற இடத்தில வைச்சுத் திறக்கேலாது தம்பி. அவா இருக்கப்போற இடத்தில இருத்திப்போட்டுத்தான் திறக்கவேணும். உனக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியும். அதுதான் பிரச்சினையே. ஊரில் எந்தக் கோயிலிலும் விக்கிரகத்துக்குக் கண் திறப்பது கடைசியாகத்தான், அதுவும் செய்தவர் கையால்தான். ஆனால் அல்பேர்ட்டனில், நாற்பது பவுண் பாரமான ஒரு பலகையின் மேல் நிற்கிற ரெசின் பொம்மைக்கு அது பொருந்தும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? சுவரில் போய்த் தலையை முட்டவேண்டும் போல் இருந்தது.

2. எனக்கு அதில் என்ன இருந்தது

நான் அந்தக் கொம்பனியில் தற்காலிக ஆள். அப்பா சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். பெயர் எழுதத் தெரியாது. அம்மாவும் அப்படித்தான். எங்கள் வீட்டில் முதன்முதல் சோதனை பாஸ் பண்ணியது நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு லண்டனில் நான் செய்த முதல் வேலை, நம் பெடியள் எல்லாரும் செய்ததுதான்: பெற்றோல் ஷெட்டில் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து பம்ப் நம்பர் கேட்பது. அங்கிருந்துகொண்டே மாலை வகுப்பில் ரெக்னிக்கல் ட்ரோயிங் படித்தேன். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் டெரெக்கிடம் வந்தேன்.

"ஆறு மாசம் பாப்பம்" என்று எடுத்தவர், இந்தக் கோயில் வேலை வந்தபோது சொன்னார்: "இது ஒழுங்காப் போய்ச் சேர்ந்தா உன்னை நிரந்தரமா எடுக்கிறன். சேராட்டி எனக்கு ஆள் வைக்கக் கட்டாது." கண்ணாடிக் கூட்டுக்குத் திரும்பிப் போவதா இல்லையா என்பது எனக்கு அந்த மாடலில் இருந்தது. எண்பதுகளின் கடைசியில் அது சின்ன விஷயம் இல்லை.

கோயிலின் பெயர் எரெக்தியோன். ஏதென்ஸ் நகரத்து மலை மேலே இருக்கிறது. கிரேக்கக் கோயில் என்றால் நீள்சதுரம், சுற்றிவரத் தூண், மேலே கூரை, வெட்டி ஒட்டினால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிளான் வந்தபிறகுதான் தெரிந்தது. கிழக்குப் பக்கம் மேட்டில், வடக்கும் மேற்கும் ஒரு ஆளுயரத்துக்கு மேல் பள்ளத்தில். வடக்கே துருத்திக்கொண்டு ஒரு பெரிய மண்டபம். தெற்கே ஒரு சின்ன மண்டபம், அங்கே தூணுக்குப் பதில் ஆறு பெண்கள் நின்று தலையால் கூரையைத் தாங்குகிறார்கள். ஒரு பக்கத்தைப் பார்த்து மற்றப் பக்கத்தை ஊகிக்க முடியாது. அடிப்பலகையை நான் மூன்று தரம் வெட்டி மூன்று தரமும் குப்பையில் போட்டேன்.

"கட்டினவன் வெறியில இருந்தவனோ?" என்றார் டெரெக்.

அதற்குப் பதில் சொன்னவர் டொக்டர் லோசன். கண்காட்சிக்கு ஆலோசகர். கிரேக்கம் படிப்பித்து ஓய்வு பெற்ற அம்மையார், உயரமாக, எப்போதும் மழைக்கோட்டோடு வருவார். அந்த இடத்தில் கோயிலுக்கு முன்பே புனிதமான பொருட்கள் இருந்தன, அவற்றை அசைக்க முடியாது, அதனால் கட்டடம்தான் வளைந்து கொடுத்தது என்றார். அதீனாவும் கடற்கடவுள் பொசைடனும் நகரம் யாருக்கு என்று போட்டி போட்டார்களாம். பொசைடன் மூன்று முனை ஈட்டியால் பாறையைக் குத்த உப்புத் தண்ணீர் வந்ததாம். அதீனா ஒலிவ மரத்தை முளைக்க வைத்தாளாம். வென்றவள் அதீனா. ஆனாலும் தோற்றவரைக் கோபத்தோடு அனுப்பாமல் அதே கூரைக்குள் அவருக்கும் ஒரு பக்கம் கொடுத்தார்கள். ஈட்டி குத்திய தடத்தைக்கூட மூடாமல், மேலே கூரையில் ஓட்டை விட்டுக் கட்டினார்களாம்.

அந்த ஓட்டையையும் நான் மாடலில் வைக்க வேண்டியதாயிற்று. ஓட்டை நூல் பிசகாமல் தடத்துக்கு நேர் மேலே வரவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

3. நிற்கிறாளா, இருக்கிறாளா

உள்ளறைச் சிலையால் பட்ட பாடு தனி. அசல் சிலை ஒலிவ மரத்தில் செய்தது, மிகப் பழையது, வானத்தில் இருந்து விழுந்தது என்று அந்த ஊர்ச் சனம் நம்பியது. இன்று அது இல்லை. எப்படி இருந்தது என்று ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாத பொருளுக்கு நான் மோல்ட் செய்ய வேண்டும்.

காலையில் டொக்டர் போன் எடுத்தால் அதீனா நிற்பாள். மத்தியானம் எடுத்தால் உட்கார்ந்து இருப்பாள்.

"இருக்கும் நிலையில் என்றுதான் இப்போது எனக்குப் படுகிறது, ராஜ்."

என் பெயர் யோகராசா. அந்தக் கொம்பனியில் அதை யாரும் முழுதாகச் சொன்னதில்லை.

"டொக்டர், நேற்று நிற்கிறா எண்டு சொன்னீங்கள். நிற்கிறவாவை வார்த்து முடிஞ்சுது."

"நேற்று வேறொரு கட்டுரையை வாசித்துவிட்டேன்."

இப்படி இரண்டு வாரம். ஷெல்பில் நாலு அதீனா வரிசையாக: இரண்டு நிற்பவை, இரண்டு இருப்பவை. டெரெக் பார்த்துவிட்டு, "நிக்கிறவளையே அனுப்பு. பக்கத்தில ஒரு கதிரை வைச்சு விடு. களைச்சா இருக்கட்டும்" என்றார். கடைசியில் நிற்பவள் என்றே முடிவாயிற்று. காரணம் ஆராய்ச்சி அல்ல. அசல் சிலைக்குத் துணியில் உடுப்பு நெய்து உடுத்துவார்களாம். நின்றால் உடுப்பு வடிவாகத் தெரியும் என்று டொக்டரே இறங்கி வந்தார்.

4. நான் வாயைக் கொடுத்த இடம்

அதுவரை பெயின்ற் செய்தவர் வேறு கொம்பனிக்குப் போய்விட்டார். ஆறு பெண்கள், அதீனா, சுவருக்கு மேலே வரிசையாக ஓடும் சின்னச் சின்ன உருவங்கள், இவற்றுக்கெல்லாம் நிறம் வைக்க ஆள் வேண்டும். பழைய கிரேக்கர் சிலைகளுக்கு நல்ல கடும் நிறம் பூசினார்கள் என்று அப்போதுதான் நான் அறிந்தேன்.

வெம்பிளியில் நான் இருந்த வீட்டில் பக்கத்து அறை சின்னராசா அண்ணையுடையது. யாழ்ப்பாணத்தில் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசியவர். மயில், யானை, இடபம் எல்லாம் அவர் கைபட்டவை. இங்கே ஒரு பேக்கரியில் பாண் அடுக்கிக்கொண்டிருந்தார். டெரெக்கிடம் சொன்னேன். "எனக்கு இவரை நல்லாத் தெரியும். நான் பொறுப்பு" என்றும் சொன்னேன். அந்தக் கடைசி இரண்டு சொல்லை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொன்னது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. டெரெக் அவரிடம் சொல்லச் சொன்னது ஒரு வசனம்: "இந்தப் பொம்மையளுக்குப் பெயின்ற் அடி." நான் படித்தவன் அல்லவா, விளக்கம் கொடுத்தேன். அவருக்குப் புரியவேண்டும் என்று நம் கோயிலை வைத்தே விளக்கினேன்.

"அண்ணை, இது அவையின்ர அம்மன் கோயில். இந்த மரம் இருக்கெல்லோ, இது கோயில் மரம், வெட்டேலாது."

"தல விருட்சம்."

"ஓம். இது கிணறு. உப்புத் தண்ணி. காத்தடிச்சா உள்ளுக்க அலைச் சத்தம் கேக்குமாம்."

"தீர்த்தம். கீரிமலை மாதிரி."

"கோயிலுக்குக் கீழ ஒரு பாம்பு இருந்ததாம். தேன் பணியாரம் படைப்பினமாம்."

"நாகதம்பிரான்!" அவர் பிரஷை வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தார். "விளக்கு?"

"விளக்கும் இருந்ததாம். வருசத்துக்கு ஒருக்காத்தான் எண்ணெய் விடுறதாம், அணையாதாம்."

"தூண்டாமணி விளக்கு. இது என்ன, சூலத் தடமோ?"

"மூண்டு முனை ஈட்டி. கடல் சாமி குத்தினது."

"அப்ப வைரவர். சரி, சரி. எல்லாம் ஒழுங்காத்தான் வைச்சிருக்கிறாங்கள்."

எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன வடிவாக விளங்கப்படுத்திவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் காலை அவர் பெயின்ற் அறை வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்.

வெர்க்‌ஷொப்பில் பாதுகாப்புச் சப்பாத்து கட்டாயம். நிலமெல்லாம் கட்டர் பிளேட் துண்டு. டெரெக் கத்தினார். அண்ணை அசையவில்லை. கடைசியில் அறைக்குள் புதிதாக ஒரு துண்டுக் காப்பெற் விரித்துக் கொடுத்துச் சமாளித்தோம். அடுத்தது பேக்கன், பன்றி இறைச்சி. கெவின் என்று ஒரு பெடியன், என்னோடு வேலை செய்கிறவன், காலைச் சாப்பாடாக பேக்கன் சான்ட்விச்சைப் பெயின்ற் அறை ஹீற்றரில் சூடாக்கிச் சாப்பிடுவான். வருசக்கணக்கான பழக்கம்.

"தம்பி, உவனை வேற இடத்தில போய்ச் சாப்பிடச் சொல்லு."

"அண்ணை, அவன் எனக்கு முந்தி வந்தவன்."

"கோயில் அவனுக்கு முந்தி வந்தது."

கெவின் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. இவ்வளவையும் பொறுத்தேன், ஏனென்றால் வேலை அப்படி இருந்தது. அந்த ஆறு பெண்களில் ஒருத்தியின் அசல் சிலை லண்டனிலேயே ஒரு மியூசியத்தில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அவளைச் சுற்றிச்சுற்றி நடந்து, பின்னல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தார். அரைவிரல் உயரத்தில் அந்தப் பின்னலை ஆறு தலையிலும் கொண்டுவந்தார். அந்தப் பெண்கள் தெய்வங்கள் இல்லை என்பதால் அவர்களுக்குக் கண்ணும் வைத்திருந்தார். அதனால்தான் அதீனாவின் கண்ணை நான் கவனிக்காமல் விட்டேன்.

5. போனில் போன புதன்கிழமை

"அண்ணை, இது மாடல்."

"மாடல் எண்டு ஆர் சொன்னது? கோயில் எண்டு நீதானே சொன்னாய். மரம், தீர்த்தம், நாகம், விளக்கு, ஒவ்வொண்டா நீதானே சொன்னாய்."

"உங்களுக்கு விளங்கவேணும் எண்டு ஒரு சாட்டுக்குச் சொன்னது."

"சாமியைச் சாட்டுக்குச் சொல்லுறதோ?"

"அண்ணை, ரெண்டு புள்ளி. கறுப்பில ரெண்டு புள்ளி. பூதக்கண்ணாடி இல்லாமத் தெரியவும் தெரியாது."

"தெரியாதெண்டா பிறகேன் கரைச்சல்படுறாய்?"

டெரெக்கிடம் போய் உள்ளதைச் சொன்னேன். சொல்லும்போதே கண்ணாடிக் கூடு கண்ணுக்கு முன்னால் வந்தது. டெரெக் கதிரையில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். பிறகு என்னை நம்பாதவர் போல் டொக்டர் லோசனுக்கே போன் எடுத்து, "எங்கட பெயின்ரருக்கு மதப் பிரச்சினையாம்" என்றார்.

மற்றப் பக்கத்தில் டொக்டர் சந்தோசத்தில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. இப்போதும் உயிரோடு இருக்கும் மரபு! அதை மேயருக்கு முன்னால் செய்யலாம்! உள்ளூர்ப் பத்திரிகைப் படக்காரரைக் கூப்பிடலாம்! டெரெக் போனை வைத்துவிட்டுக் கையைத் தேய்த்தார். "பத்திரிகையில வாறம். உன்ர ஆள் பரவாயில்லை."

நான் ஓடிப்போய் அண்ணையிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"படக்காரனோ? கண் திறக்கேக்க ஒருத்தரும் பாக்கேலாது. திரை கட்டித்தான் திறக்கிறது. அவா கண் முழிச்சு முதல்ல பாக்கிறது நல்ல பொருளா இருக்கவேணும். கண்ணாடி, பசுமாடு, நெல்லு. மேயரின்ர மூஞ்சியைப் பாத்தோ கண் முழிக்கிறது?"

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணை!"

"நீ அப்ப கேக்கேல்லையே."

இந்த முறை டெரெக் போனைத் தொடவில்லை. "நீ சொல்லு அவாவுக்கு. நீதானே பொறுப்பு." போனை என் பக்கம் தள்ளினார். சொன்னேன். டொக்டர் குரல் இறங்கி, "அவர் சொல்வது சரிதான்" என்றார். ஏதென்ஸிலும் வருடத்தில் ஒரு நாள் உண்டாம். அன்று அதீனாவின் உடுப்பைக் களைந்து கழுவுவார்கள். சிலையை மூடிவைப்பார்கள். கோயிலைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவார்கள். யாரும் பார்க்கக்கூடாது. அந்த நாளில் ஊரில் யாரும் நல்ல காரியம் தொடங்க மாட்டார்களாம்.

"படக்காரரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

"ஆனால் ராஜ், ஒரு விஷயம். ஏதென்ஸில் அந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். அதற்கென்றே ஒரு குடும்பத்துப் பெண்கள். உள்ளே ஆண் போவது எனக்குச் சரியாகப் படவில்லை."

போனை நான் நெற்றியில் வைத்து அழுத்தியதை டெரெக் பார்த்தார். என்னவென்று கேட்கவில்லை.

6. வெள்ளிக்கிழமை

வான் வண்டியில் ஏற்றி, வழியில் ஒவ்வொரு மேட்டிலும் மூச்சைப் பிடித்து, நூலகத்துக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தோம். கூரையைக் கழற்றி வைத்தாயிற்று. மேயர் பதினொரு மணிக்கு. அண்ணை தலைமுழுகித் திருநீறு பூசி, தோய்த்த வேட்டியைக் கோட்டுக்குள்ளே கட்டி வந்திருந்தார். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கும், அதற்கு முன்னம் முடிக்க வேண்டும் என்றார். இதையும் அன்று காலையில்தான் சொன்னார்.

பிறகு ஜன்னலால் வெய்யிலைப் பார்த்தார். "அவா மேற்கைப் பாத்து நிக்கிறா."

"நூலகக்காரர் காட்டின இடம் அண்ணை. விளக்கப் பலகையை அடிப்பலகையில இந்தப் பக்கம் அடிச்சாச்சு."

"கிழக்க திருப்பு."

டொக்டர் லோசன் மழைக்கோட்டோடு வந்து, என்ன பிரச்சினை என்றார். மொழிபெயர்த்தேன். அவர் உதவி செய்வார் என்று நினைத்தேன். "ஓ, ஆமாம், அசல் கோயிலும் கிழக்குத்தான்! கட்டாயம் திருப்ப வேண்டும்!" என்றார். இருவரும் முதல் முறை ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். டெரெக், கெவின், நான் மூவருமாக அந்தப் பாரத்தைத் தூக்கித் திருப்பினோம். இப்போது விளக்கப் பலகை சுவரைப் பார்த்தது. டெரெக் வாய்க்குள் சொன்னதை எழுத முடியாது.

அடுத்து, யார் உள்ளே போவது? நான் களைத்துப்போயிருந்தேன். அண்ணையிடம் சொன்னேன்: "அவையின்ர முறைப்படி பொம்பிளையள்தான் இருக்கலாமாம்." டொக்டரிடம் சொன்னேன்: "எங்கள் முறைப்படி செய்தவர்தான் திறக்கலாம்." இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மணி பத்து தாண்டிவிட்டது.

அண்ணை யோசித்தார். "கண்ணாடி பிடிக்க ஒரு ஆள் வேணும்தானே. அவா பிடிக்கட்டும். அவா வயசான, படிச்ச மனிசி. குறையில்லை."

டொக்டர் கைப்பையில் இருந்து பவுடர்ப் பெட்டிக் கண்ணாடியை எடுத்தார்.

"பசுமாடு?" என்றார் அண்ணை.

"அண்ணை, லைப்ரரிக்குள்ள மாட்டைக் கொண்டுவரச் சொல்லுறியளோ?"

"படமெண்டாலும் பரவாயில்லை."

சின்னப்பிள்ளைகள் பகுதிக்கு ஓடினேன். பண்ணை மிருகங்கள் பற்றிய தடித்த அட்டைப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. கறுப்பு வெள்ளைப் பசு, மூலையில் யாரோ பிள்ளை கடித்த அடையாளம். டொக்டர் ஒரு கையில் கண்ணாடியும் மறு கையில் பசுவுமாக நின்றார். டெரெக் வானில் இருந்து, தூசி படாமல் மூடும் பெரிய துணியையும் பூதக்கண்ணாடி விளக்கையும் கொண்டுவந்தார். அண்ணை கோட்டைக் கழற்றினார். இருவரும் மாடலுக்கு மேலே குனிய, டெரெக்கும் கெவினும் நானும் துணியால் மூடி மூலைகளைப் பிடித்துக்கொண்டோம்.

மேயர் பத்தேகாலுக்கே வந்துவிட்டார்.

கழுத்தில் பொன்நிறச் சங்கிலி, பின்னால் நாலைந்து பேர், படக்காரர். அவர்களுக்கு முன்னால் ஒரு பெரிய துணிக்குவியல், அதற்குக் கீழே நாலு கால். இரண்டு மழைக்கோட்டுக்குக் கீழே, இரண்டு வேட்டிக்குக் கீழே, வெறும் கால்.

"உள்ளே யாரோ இருக்கிறார்களா?" என்றார் மேயர்.

"ஃபினிஷிங் ரச், கடைசிப் பூச்சு" என்றார் டெரெக். என்னை அவர் பார்த்த பார்வையில் நான் அடுத்த திங்கட்கிழமை பம்ப் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தேன்.

துணிக்குள் இருந்து அண்ணையின் குரல்: "தம்பி! இந்த மனிசியை மூச்சு விடவேண்டாம் எண்டு சொல்லு! கண்ணாடி புகையுது!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேறு வழியில்லை. "டொக்டர் லோசன்," என்று மேயருக்கு முன்னால் இங்கிலிஷில் சொன்னேன், "தயவுசெய்து மூச்சு விடாதீங்கள்."

மேயரின் பக்கத்தில் நின்ற பெண்மணி ஒருவர் நெஞ்சில் கை வைத்தார்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. துணி ஒரு இடத்தில் மெல்ல அசைந்து நின்றது. பிறகு இரண்டு பேர் ஒன்றாக மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுது" என்றார் அண்ணை.

துணியை எடுத்தோம். டொக்டரின் தலைமயிர் எல்லாப் பக்கமும் நின்றது. அவர் மேயரைக் கவனிக்கவே இல்லை. பவுடர்ப் பெட்டிக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு என்னிடம், "கண்ணாடிக்குள் அவள் என்னைப் பார்த்தாள், ராஜ்" என்றார். இரண்டு வாரம் நின்றாளா இருந்தாளா என்று என்னைக் கொன்ற அம்மையார், அதற்குப் பிறகு அன்று முழுக்க அதிகம் பேசவில்லை.

மேயர் கோயிலைச் சுற்றி வந்தார். "மிக அழகு. யார் இந்த ஆறு பெண்கள்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார், ரிப்பன் வெட்டினார், சான்ட்விச் மேசைக்குப் போனார். உள்ளறையை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளைகள் கைவைத்துவிடுவார்கள் என்று நூலகத்துப் பெண் கூரையை மூடிவிடச் சொன்னார். மூடினோம். அந்தக் கண்காட்சி முடியும்வரை அந்தக் கண்ணை ஒருவரும் பார்க்கவில்லை.

"இதுக்கோ அண்ணை இவ்வளவு பாடு? இப்ப ஆர் பாக்கிறது?"

அவர் வேட்டிக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஆக்கள் பாக்கிறதுக்கோ கண்? அவா பாக்கிறதுக்கடா."

7. வானுக்குப் பக்கத்தில்

வெளியே டெரெக் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நின்றார். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"திங்கட்கிழமை எட்டு மணிக்கு வா" என்றார். "நிரந்தர வேலைக் கடிதம் ரைப் பண்ணி வைக்கிறன்."

"அவர்?"

டெரெக் புகையை விட்டார். "அந்த ஆறு பெட்டையளின்ர பின்னலைப் பாத்தனியோ? அவரும் வரட்டும். ஆனா அடுத்த மாடல் சுப்பர்மார்க்கெற். அதுக்குள்ள கடவுள் ஒருத்தரும் இல்லை எண்டு இப்பவே அவருக்குச் சொல்லி வை."

அதற்குப் பிறகு அந்தக் கொம்பனியிலும் வேறு இடங்களிலும் எத்தனையோ பேரை வேலைக்குச் சேர்த்துவிட்டிருக்கிறேன். இதை வாசிக்கும் தம்பி தங்கச்சிமாரும் நாளைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போய் ஒரு முதலாளிக்கு முன்னால் நிறுத்தத்தான் போகிறீர்கள். என்ன செய்யத் தெரியும் என்று கேட்டால் நம் ஆட்கள் எல்லாம் தெரியும் என்பார்கள். அதை நம்பிப் "பொறுப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். எதைச் செய்யமாட்டீர்கள் என்று கேளுங்கள். பதிலை வாங்கி அன்றைக்கே முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். எரிச்சல் வரும், வாக்குவாதம் வரும், ஆனால் அதைத் தீர்க்க நாள் இருக்கும்.

அந்தக் கேள்விக்கு, "அப்பிடி ஒண்டுமில்லை, எதெண்டாலும் செய்வன்" என்று இரண்டு பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பின்னலைத் தீட்டிய கையிடம் இருந்து அப்படி ஒரு பதில் வந்திருக்காது; அவர்களை நான் எங்கும் சேர்த்துவிடவில்லை.